உமிழ்நீரும் கழுத்து நெறியும்

நடவுக் காலத்தில் செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பொழுது புலர்ந்ததும் சேற்றில் இறங்கும் பெண்களுள் வயதில் மூத்தவர்களைச் சற்றுக் கவனித்தால், இடுப்பில் செருகிய சுருக்குப் பையை அவிழ்த்து, ஒரு துணுக்குப் புகையிலையைக் கிள்ளிச் சுண்ணாம்பு தடவிக் கொடுப்பில் அடக்கிக்கொண்ட பிறகே அவர்கள் நாற்றுமுடியைக் கையில் எடுப்பதைக் காணலாம். பசியை மறப்பதற்கும், நாள் முழுவதும் குனிந்த முதுகின் நோவைத் தாங்குவதற்கும் அதைவிட மலிவான உபாயம் அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. எங்கள் தெருவில் இருந்த பெரியம்மா ஒருவர் இவ்விதம் முப்பது வருஷத்துக்கு மேல் இடது கொடுப்பிலேயே புகையிலையை அடக்கி வந்தவர். அந்த இடத்தில் முதலில் ஒரு வெள்ளைத் திட்டுத் தோன்றியது. பின்னர் அது புண்ணாயிற்று. உடம்புச் சூடு என்று சொல்லி மணத்தக்காளிக் கீரையைக் கடைந்து உண்டு வந்தார். சில மாதம் கழித்துத் தாடைக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டபோது, என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்துக் காட்டி, "நெறி கட்டியிருக்குதுப்பா, புண்ணு ஆறினா தானா வடிஞ்சிடும்" என்றார். கல்லைப்போல் இறுகி, தொட்டால் நகராமல், சிறிதும் வலியில்லாமல் இருந்த அந்தக் கட்டியை என் விரல் இன்னும் மறக்கவில்லை.

அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும், வாயில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டும் என்பது நம் மக்களின் நெடுநாளைய அனுபவ அறிவு. நிணநீர் எந்த வழியாக எந்தக் கணுவுக்குச் சென்று சேர்கிறது என்று சரீர சாஸ்திரம் வரைந்து காட்டும் படமும் அதையே சொல்கிறது. ஆனால் புற்றுநோய் விஷயத்தில் நெறி என்பது புண்ணை எதிர்த்து உடல் நடத்தும் போரின் வீக்கம் அன்று; வாயிலிருந்து புறப்பட்ட நோயே அங்கு வந்து குடியேறிவிட்டதன் அடையாளம். பெரியம்மாவுக்கு ரண சிகிச்சை செய்து, பிறகு கரண்டும் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்தார்கள். அடுத்த நடவுக்கு அவர் இல்லை.

நெறி கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்பே, நோய் வாயை விட்டுப் புறப்பட்டுவிட்டதா என்பதை அறிய ஒரு வழி உண்டா? ஒரு சிறு குப்பியில் துப்பித் தரும் உமிழ்நீரே அதைச் சொல்லிவிடுமா? சென்ற முப்பது ஆண்டுகளில் உலகின் பல ஆராய்ச்சிச் சாலைகள் இக்கேள்வியைப் பற்றிச் செய்துள்ள வேலை மிகப் பெரிது. அதில் எவ்வளவு நிரூபணமாகியுள்ளது, எவ்வளவு நம்பிக்கையளவில் நிற்கிறது என்பதைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நோயின் ஆராய்ச்சி வரலாற்றில் தமிழ் நிலத்துக்கு ஒரு பழைய உரிமை உண்டு. சென்னையில் பணியாற்றிய நிப்லாக் என்னும் வைத்தியர் 1902-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் காணப்படும் புற்றுநோயைப் பற்றி எழுதினார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதும் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்ததுமான நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தார் நடத்திய மருத்துவமனையிலிருந்து, 1908-இல் பெண்டால் என்பவர் 1,700 புற்றுநோயாளிகளின் விவரத்தையும், ஃபெல்ஸ் என்பவர் தென்னிந்திய வாய்ப்புற்றுக்குச் செய்யப்பட்ட 209 ரண சிகிச்சைகளின் விவரத்தையும் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அதே நெய்யூரிலிருந்து 1933-இல் ஆர் என்பவர், வெற்றிலை பாக்குடன் புகையிலை சேர்த்து மெல்லுவோரிடம் காணும் வாய்ப்புற்றைப் பற்றி லான்செட் பத்திரிகையில் எழுதினார். புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றை விளைவிப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை தீர்ப்புச் சொன்னது 1985-இல். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே போதும் என்று அது மேலும் தீர்மானிக்க 2003 வரை சென்றது. கண்ணெதிரே பிரத்தியட்சமாகத் தெரிந்த ஒன்றைச் சாஸ்திரம் ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் பிடித்ததைப் பின்னால் வரும் விஷயத்தைப் படிக்கும்போதும் வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2022-ஆம் ஆண்டுக்கான சர்வதேச மதிப்பீட்டின்படி உலகில் உதடு, வாய் ஆகியவற்றின் புற்றுநோய் புதிதாகக் கண்டவர்கள் ஏறக்குறைய 3,89,000 பேர். அவர்களுள் 1,43,000-க்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். மூவரில் ஒருவருக்கும் அதிகமானோர் நம் நாட்டவர் என்னும்போது, இதற்கான பரிசோதனை எதுவாயினும் அது நம்முடைய வாய்களில் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நோய் பரவும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாயின் உட்தோல் அடுக்கடுக்கான உயிரணுக்களால் ஆனது. அவற்றின் அடியில் கொலாஜன் என்னும் நார்ப்பொருளால் நெய்த மெல்லிய அடித்தளச் சவ்வு ஒன்று மதிலைப்போல் நிற்கிறது. புகையிலையின் நஞ்சு வருஷக்கணக்கில் பட்டுப்பட்டு, உயிரணுவின் மரபணுக்களில் ஊறு சேர்கிறது: பழுதுற்ற அணுவை நிறுத்தி வைக்கும் டிபி53, அணு தானே மடியச் செய்யும் காஸ்பேஸ்-8, அணுவின் முதிர்ச்சியை நடத்தும் நாட்ச்-1, அணுக்களின் உறவைக் காக்கும் ஃபேட்-1 என்று ஒவ்வொன்றாகக் காவல் குலைகிறது. ஆயினும் பெருகுவது ஒன்று, புறப்படுவது வேறு. புறப்படும் அணு முதலில் தன் அண்டை அணுக்களோடு தன்னைப் பிணைத்திருக்கும் ஈ-கேதெரின் என்னும் பசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். மதிலை அரிக்கும் நொதிகளைச் சுரக்கவோ, பக்கத்துத் திசுக்களைச் சுரக்கச் செய்யவோ வேண்டும். பிறகு நிணநீர்க் குழாயொன்றில் நுழைந்து, தாடையின் கீழும் கழுத்தின் மேற்பாகத்திலும் உள்ள கணுக்களை அடைந்து, அந்த அந்நிய இடத்தில் பிழைக்கவும் கற்க வேண்டும். கணுவை அடைந்துவிட்டால் நோயாளி பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

செஞ்சியில் வளர்ந்த எனக்கு இதை எண்ணும்போதெல்லாம் எங்கள் ஊர் முற்றுகைதான் நினைவுக்கு வரும். 1690-இல் மொகலாயச் சேனை செஞ்சியை வளைத்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் இணைத்த மதில்களுக்கு வெளியே எட்டு ஆண்டுகள் காத்துக் கிடந்து 1698-இல் ஜுல்பிகர் கான் கோட்டையைப் பிடித்தார். ஆனால் யாரைப் பிடிப்பதற்காக அந்த முற்றுகை நடந்ததோ அந்த மராட்டிய மன்னர் ராஜாராம் அதற்கு முன்பே தப்பிச் சென்று, மராட்டிய தேசத்திலிருந்து போரைத் தொடர்ந்தார். கோட்டை வீழ்ந்ததனால் போர் முடியவில்லை. கட்டியை முழுவதும் வெட்டி எடுத்தபின் ஓராண்டுக்குள் கழுத்தில் நோய் தலைகாட்டும்போது ரண வைத்தியர் அடையும் நிலை ஜுல்பிகர் கான் அடைந்த நிலையே.

ஆகவே வைத்தியர் முன் நிற்கும் தர்மசங்கடம் இது: கட்டி சிறிது, கழுத்தைத் தடவிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை, ஸ்கேனும் ஒன்றும் காட்டவில்லை. ஆனாலும் இத்தகையவர்களுள் நூற்றுக்கு 20 முதல் 30 பேருக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் நோய் கணுவில் ஏற்கனவே இருக்கும். கழுத்தையும் திறந்து கணுக்களை எடுத்துவிடுவதா, காத்திருந்து பார்ப்பதா? இந்தப் பழைய விவாதத்துக்கு உலகம் ஒப்புக்கொண்ட விடையைத் தந்தது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை. அங்கே அனில் டி'குருஸும் சகாக்களும் 500 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2015-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது: முதலிலேயே கழுத்துக் கணுக்களை எடுத்தவர்களுள் மூன்றாண்டு கழித்து உயிரோடிருந்தோர் நூற்றுக்கு 80, காத்திருந்து பிறகு எடுத்தவர்களுள் 67.5. வித்தியாசம் பெரிது, தீர்ப்பும் தெளிவு. எனினும் இதன் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் கழுத்தைத் திறந்தால், நோய் அங்கே வராத எழுபது பேருக்கும் அவசியமில்லாத ரண சிகிச்சை நடக்கிறது. தோள் நரம்பு சோர்ந்து, கையைத் தலைக்குமேல் தூக்க முடியாமல் போனால், கூலி வேலை செய்து பிழைக்கும் ஒருவருக்கு அது சிறிய நஷ்டமன்று. எழுபது பேரையும் முப்பது பேரையும் முன்கூட்டியே பிரித்துக் காட்டும் அடையாளம் ஒன்று கிடைத்தால், அதன் மதிப்பு நோயைக் கண்டுபிடிக்கும் அடையாளத்தின் மதிப்புக்குச் சற்றும் குறைந்ததன்று.

இனி உமிழ்நீருக்கு வருவோம். நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை நம் வாயில் சுரக்கும் இந்நீரில் நூற்றுக்கு 99 பங்கு தண்ணீரே. எஞ்சிய ஒரு பங்கில்தான் புரதங்களும், உதிர்ந்த உயிரணுக்களும், அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகளும், ஆர்.என்.ஏ.க்களும், நுண்ணிய கொழுப்புறைகளுக்குள் பொதிந்து அணுக்கள் அனுப்பும் செய்திகளும் கலந்திருக்கின்றன. எச்சில் என்று நாம் தீண்டாமல் ஒதுக்கும் பொருள் புண்ணை இடைவிடாமல் நனைத்துக்கொண்டிருப்பதால், இரத்தத்தைவிட வாய்ப்புற்றுக்கு மிக அருகில் நிற்கும் சாட்சி அதுவே. ஊசி வேண்டாம், வலி இல்லை. காலையில் ஒன்றும் உண்ணாமல் வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரு குப்பியில் துப்பி, உடனே பனிக்கட்டியில் வைத்தால் போதும்.

1994-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த சிட்ரான்ஸ்கி குழுவினர் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் உமிழ்நீரில் டிபி53 மரபணுவின் மாற்றத்தைக் கண்டு காட்டினார்கள். 2004-இல் லாஸ் ஏஞ்சலிஸில் டேவிட் வாங் குழுவினர், இன்டர்லூகின்-8, இன்டர்லூகின்-1பீட்டா முதலிய ஏழு ஆர்.என்.ஏ.க்கள் நோயாளிகளின் உமிழ்நீரில் மிகுந்திருப்பதைக் கண்டு, அவற்றின் சேர்க்கையால் நூற்றுக்கு 91 அளவு சரியாகப் பிரிக்கலாம் என்றார்கள். 2008-இல் அதே இடத்திலிருந்து ஐந்து புரதங்களின் சேர்க்கை வந்தது: நோயுள்ளவர்களுள் நூற்றுக்கு 90 பேரை அது பிடித்தது, நோயில்லாதவர்களுள் 83 பேரைச் சரியாக விடுவித்தது. மறு ஆண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் உமிழ்நீரில் கண்டறியப்பட்டன. தாம்பூலம் தரிக்கும் வழக்கமுள்ள தைவானில் 2016-இல் வேறு நான்கு புரதங்களின் சேர்க்கை முன்வைக்கப்பட்டது. எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது 2015-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து வந்த ஆய்வு: தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 93 பேரின் உமிழ்நீரிலும் இரத்தத்திலும் கட்டியின் டி.என்.ஏ.வைத் தேடியதில், வாய்க்குள் கட்டியிருந்தவர் அனைவரின் உமிழ்நீரிலும் அது அகப்பட்டது.

இந்த எண்களைக் கேட்டு மகிழ்வதற்கு முன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. செஞ்சி வட்டாரத்தில் ஆயிரம் பேருக்கு அந்த ஐந்து புரதப் பரிசோதனையைச் செய்வதாகவும், அவர்களுள் ஐவருக்கு மட்டும் மெய்யாகவே நோய் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பரிசோதனை அந்த ஐவரில் நால்வரையோ ஐவரையோ பிடிக்கும். நோயில்லாத 169 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். கூலியை விட்டுப் பஸ் ஏறி, சதைப் பரிசோதனைக்குச் சென்று, முடிவு வரும் வரை உறக்கமின்றித் தவிக்கும் அந்த 169 பேரையும் கணக்கில் சேர்த்துத்தான் பரிசோதனையின் தகுதியை எடைபோட வேண்டும். மேலும் இன்டர்லூகின்கள் வீக்கத்தின் தூதர்கள். ஈறு வீங்கிச் சீழ் வைத்திருந்தாலும் அவை உமிழ்நீரில் மிகும். புகையிலை அடக்கும் வாயில் ஈறு நோய் இல்லாதவர் எத்தனை பேர்?

நோய் இருக்கிறதா என்பதைவிட, அது புறப்பட்டுவிட்டதா என்பது இன்னும் நுட்பமான கேள்வி. அதற்கான மரபணு அடையாளங்களைத் தேடியவர்கள் பெரும்பாலும் உமிழ்நீரில் தேடவில்லை. வெட்டியெடுத்த கட்டியிலேயே தேடினார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 2005-இல் 102 மரபணுக்களின் செயல்நிலையைச் சேர்த்துப் பார்த்து, கணுவுக்குப் பரவியதா என்பதை வைத்தியர்களின் கணிப்பைவிடச் சரியாகச் சொல்லலாம் என்று காட்டினார்கள். பல மருத்துவமனைகளில் அதை மறுபடியும் சோதித்து 2012-இல் வெளியிட்டபோது, ஆரம்பநிலை வாய்ப்புற்றில் 'பரவவில்லை' என்று அது சொன்னால் நூற்றுக்கு 89 தடவை அது மெய்யாயிற்று. 2017-இல் ஹார்வர்ட் முதலிய இடங்களைச் சேர்ந்தவர்கள் 18 நோயாளிகளின் கட்டிகளை ஏறத்தாழ ஆறாயிரம் தனித்தனி உயிரணுக்களாகப் பிரித்து ஆராய்ந்து, கட்டியின் முன்னேறும் விளிம்பில் உள்ள அணுக்கள் தம் பழைய குணத்தை முற்றும் விடாமலும் புதிய குணத்தை முற்றும் ஏற்காமலும் பாதி மாறிய நிலையில் நிற்கின்றன என்றும், அந்நிலைக்கும் கணுப் பரவலுக்கும் உறவு உண்டு என்றும் கண்டார்கள். அதே ஆண்டு பார்சிலோனாவிலிருந்து, கொழுப்பை உட்கொள்ளும் சிடி36 என்னும் வாயிலை உடைய சில அணுக்களே பரவலைத் தொடங்குகின்றன என்று மனித வாய்ப்புற்று அணுக்களை எலிகளில் வைத்துக் காட்டினார்கள்.

நம் நாட்டின் பங்கும் இதில் உண்டு. வங்காளத்தின் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும் மும்பை டாட்டா நினைவு மையத்தின் ஆராய்ச்சிப் பிரிவும் சேர்ந்து, நம்மவரிடம் அதிகமாகக் காணும் ஈறு, கன்னப் புற்றின் மரபணு மாற்றங்களை 2013-இல் தொகுத்து வெளியிட்டன. யுஎஸ்பி9எக்ஸ், ஆரிட்-2 முதலிய ஐந்து மரபணுக்கள் இவ்வகைப் புற்றில் திரும்பத் திரும்ப மாறுகின்றன என்பது அதனால் புதிதாகத் தெரிந்தது. 2019-இல் கல்யாணிக் குழுவினர் கணுவுக்குப் பரவிய கட்டிகளையும் பரவாத கட்டிகளையும் ஒப்பிட்டு, நிறமூர்த்தங்களின் நிலைகுலைவும், டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் திறனின் குறையும் பரவலோடு வலுவாகச் சேர்ந்து வருகின்றன என்று கண்டார்கள். சென்னையில், ஐ.ஐ.டி.யின் தேவராஜன் கருணாகரன் குழுவினர் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம், ஸ்ரீ பாலாஜி பல் மருத்துவக் கல்லூரி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் ஆகியவற்றோடு சேர்ந்து, மைக்ரோ ஆர்.என்.ஏ.-155 என்னும் சிறு துணுக்கு நாக்குப் புற்றில் மிகுந்து, அணுவை மடியச் செய்யும் ஒரு புரதத்தை அடக்கிவிடுகிறது என்று நிறுவினார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கி, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாழ்நாள் முழுவதும் வளர்த்த அந்த நிலையம், மரபணுக் காலத்திலும் தன் கடமையைச் செய்துவருகிறது என்பது தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் கட்டியில் கண்டதை உமிழ்நீரிலும் காணலாம் என்று எளிதாக முடிவு கட்டிவிடலாகாது. என் அபிப்பிராயத்தில் இந்த ஆராய்ச்சி முழுவதிலும் முக்கியமான இடர்ப்பாடு இதுவே: உமிழ்நீர் கழுவுவது கட்டியின் மேற்பரப்பை, நோய் புறப்படுவதோ அதன் அடியாழத்திலிருந்து. கட்டியின் அகலத்தை மட்டுமின்றி ஆழத்தையும் மில்லிமீட்டரில் அளந்து நிலையை வகுக்க வேண்டும் என்று 2018 முதல் நடைமுறையில் உள்ள சர்வதேச வகைப்பாடு வற்புறுத்துவதற்குக் காரணமும் அதுதான். ஆழத்தின் விளிம்பில் பாதி மாறி நிற்கும் சில அணுக்களின் குரல், மேற்பரப்பில் உதிரும் கோடிக்கணக்கான அணுக்களின் இரைச்சலில் கேட்குமா? மதிலை அரிக்கும் எம்எம்பி-9 போன்ற நொதிகளும், சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் கணுப் பரவல் உள்ளவர்களின் உமிழ்நீரில் மிகுந்திருப்பதாகச் சிறுசிறு ஆய்வுகள் சொல்லியுள்ளன. ஆயினும் நாற்பது ஐம்பது பேரைக் கொண்டு செய்த இவற்றுள் ஒன்றின் முடிவு மற்றொன்றில் அப்படியே திரும்பி வருவது அபூர்வம். குப்பியில் எடுத்த நேரம், உறைய வைத்த விதம், அளந்த முறை ஒவ்வொன்றும் விடையை மாற்றுகின்றன. கழுத்தைத் திறப்பதா வேண்டாமா என்பதை உமிழ்நீரைக் கொண்டு தீர்மானிக்கும் காலம் இன்னும் வரவில்லை என்பதே நேர்மையான முடிவு. உமிழ்நீர்ப் பரிசோதனை ஒன்றைக் காட்டி, 'கழுத்து சுத்தம், கத்தி வேண்டாம்' என்று யாரேனும் சொன்னால், அவர் சொல்லை ஏற்று டாட்டா மருத்துவமனையின் அனுபவத்தைப் புறக்கணிப்பது ஆபத்து.

உமிழ்நீர் இப்போதே பயன்படக்கூடிய இடம் வேறொன்று என்று நினைக்கிறேன். சிகிச்சை முடிந்தவரின் கட்டியில் எந்த மரபணு எப்படி மாறியிருந்தது என்பது முன்பே தெரியுமாதலால், அந்த ஒரே மாற்றத்தை அவருடைய உமிழ்நீரில் சில மாதத்துக்கொருமுறை தேடுவது, தெரியாத பல அடையாளங்களைத் தெரியாத பலரிடம் தேடுவதைவிட மிக உறுதியானது. முன்சொன்ன 2015 ஆய்விலேயே, நோய் திரும்பியது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பு சிலரிடம் கட்டியின் டி.என்.ஏ. தலைகாட்டியது. வாய்ப்புற்றில் ஒருமுறை வந்த நோய் அதே வாயில் மறுபடி வருவது அடிக்கடி நிகழ்வதாகையால், இவ்வழியில் நம் மருத்துவக் கல்லூரிகள் உழைத்தால் பலன் நிச்சயம் உண்டு.

இவையெல்லாம் வரும் வரை என்ன செய்வது என்பதற்கு விடை முன்பே இருக்கிறது. திருவனந்தபுரத்தில் சங்கரநாராயணன் குழுவினர் ஏறத்தாழ 1,92,000 பேரைக் கொண்டு ஒன்பது ஆண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2005-இல் லான்செட்டில் வெளிவந்தது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று, விளக்கு வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப்புற்றால் வரும் மரணம் நூற்றுக்கு 34 குறைந்தது. மரபணுவும் இல்லை, குப்பியும் இல்லை. கண் ஒன்றே கருவி. இந்த முறையையே நம் மத்திய சர்க்கார் 2016-இல் ஏற்று, முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தாண்டுக்கொருமுறை வாயைப் பார்க்க வேண்டும் என்று விதித்தது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஒருமுறையேனும் வாய்ப் பரிசோதனை செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்கு 0.9, ஆண்கள் 1.2. புதிய அடையாளங்களைத் தேடுவதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு பங்கையேனும் இந்த எண்ணை உயர்த்துவதில் காட்டியிருந்தால், பெரியம்மாவின் வெள்ளைத் திட்டை யாரேனும் ஒருவர் பார்த்திருப்பார்.

செஞ்சியில் வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. விடியுமுன்பே பல ஊர்களிலிருந்தும் வந்து சேரும் வியாபாரிகள் ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கிறார்கள். அந்தச் சந்தையின் ஓரத்தில் ஒரு மேஜையும், ஒரு டார்ச் விளக்கும், வாயைப் பார்க்கத் தெரிந்த ஒரு பல் வைத்தியரும் மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை இருக்குமாறு சுகாதாரத் துறையார் செய்ய வேண்டும்; உமிழ்நீர் ஆராய்ச்சி செய்வோரும் தங்கள் குப்பிகளை அந்த மேஜைக்கே கொண்டுவர வேண்டும், ஏனெனில் அவர்கள் தேடும் வாய்கள் அங்கேதான் வருகின்றன. இதைப் படிப்பவர்களின் வீட்டில், இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, கொடுப்பில் வெள்ளையோ சிவப்போ ஆன திட்டோ, தாடைக்குக் கீழே வலியில்லாத நெறியோ உடையவர் எவரேனும் இருந்தால், கீரை கடைந்து கொடுத்துக் காத்திராமல், நாளைக் காலையிலேயே அவரை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பஸ் ஏறுங்கள்.